கதிரையை விட்டு எழும்பாத வியாழக்கிழமை

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கனடாவுக்கு வந்து அது எங்களுக்கு இரண்டாவது பனிக்காலம். கணவருக்குக் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. எனக்கு வீட்டு வேலையும், சனிக்கிழமை காலையில் ஆங்கில வகுப்பும்.

அந்த வகுப்பு நடந்தது எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்த பொது அறையில். யாரோ பிறந்தநாள் கொண்டாடிவிட்டுப் போன பலூன் ஒன்று எப்போதும் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழ், வியட்நாம், சோமாலியா என்று பதினைந்து பெண்கள். ரீச்சர் ஐம்பது வயது தாண்டிய கறுப்பினப் பெண். நல்ல உயரம், நரைத்த குட்டை முடி, காதில் பெரிய வளையம். அவர் சிரித்தால் பக்கத்து அறையில் ஓடும் மெஷின்களின் சத்தம் கேட்காது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவரைக் கண்டதும் நான் போய்க் கடைசி வரிசையில் இருந்துகொண்டேன். கறுப்பின மக்களைப் பற்றி எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் சொல்லும் ஒரு சொல் இருக்கிறது. அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு அந்தச் சொல்லையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போயிருந்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளுக்கும் இந்தக் கொழுப்புக்கு மட்டும் குறைவில்லை.

இடைவேளையில், எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கும் முதல் கேள்வியை நானும் கேட்டேன். நீங்கள் எந்த ஊர்? கனடா என்றார். சரி, அதற்கு முதல்? அதற்கு முதலும் கனடாதானாம். கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா. அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் பிறந்ததும் அங்கேதானாம். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நான், ஏழு தலைமுறையாக இங்கே இருக்கிறவரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த சனிக்கிழமை நான் முன்வரிசைக்கு வந்துவிட்டேன்.

அவருடைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தோம். சின்ன வயதில் அவர் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பள்ளிக்கூடம். வெள்ளைப் பிள்ளைகள் படித்து முடித்த கிழிந்த புத்தகங்கள்தான் அங்கே வருமாம். எந்தக் கதைக்கும் கடைசிப் பக்கம் இருக்காது, முடிவை நாங்களே இட்டுக்கட்டுவோம் என்பார். இருபது வயதில் ரொறன்ரோவுக்கு வந்தார். தொலைபேசியில் வீடு இருக்கிறது என்று சொன்னவர்கள், நேரில் ஆளைக் கண்டதும் இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்றார்கள். கோபம் வந்தது. தெருவில் இறங்கினார். பதினெட்டு வருடம் ஊர்வலம், பதாகை, ஒலிபெருக்கி.

எல்லாவற்றையும்விட அவருக்குக் கைவந்த கலை, போய் உட்கார்ந்துவிடுவது. அரசாங்க அலுவலகங்களின் தாழ்வாரத்தில் கூட்டமாகப் போய் இருந்து, பதில் வரும்வரை எழும்ப மாட்டார்களாம். ஒரு தடவை நாலு பொலிஸ்காரர்கள் சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்களாம். "அப்ப நான் நல்ல மெலிவு, இப்ப எண்டால் எட்டுப் பேர் வேணும்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டுவார். (அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.)

அப்படிப்பட்டவர் முப்பத்தெட்டு வயதில் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, ஆசிரியர் படிப்புப் படிக்கப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டோம். களைத்துவிட்டேன் என்றார். நாங்களும் நம்பினோம்.

மாசி மாதம் ஒரு வீட்டுப்பாடம் தந்தார். இந்தக் கிழமை வீட்டுக்கு வந்த பேப்பர்களில் விளங்காத ஒன்றைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசிப்போம் என்றார். ஒருத்தி மின்சார பில் கொண்டுவந்தாள். ஒருத்தி பீட்சாக் கடை விளம்பரத்தைப் பவ்வியமாக மடித்துக் கொண்டுவந்தாள். வியட்நாம் பெண்ணுக்குப் பத்து இலட்சம் டொலர் விழுந்திருப்பதாக ஒரு கடிதம். அது சும்மா விளம்பரம் என்று ரீச்சர் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

நான் மட்டும் கொஞ்சம் மிதப்பாக இருந்தேன். நான் கொண்டுபோனது விளங்காத பேப்பர் இல்லை. நானே நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பேப்பரின் பிரதி. மகள் புரட்டாதியில் போகப்போகும் உயர்பள்ளிக்கான படிவம். பள்ளிக்கூடமே பென்சிலால் சரி அடையாளம் போட்டு அனுப்பியிருந்தது. நான் அதன்மேல் பேனையால் அழகாகத் தடித்து எழுதி, கையெழுத்து வைத்து, கீழே நன்றி என்றும் எழுதி, கூடவே ஒரு டப்பா பயற்றம் பணியாரமும் வகுப்பாசிரியருக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன். ரீச்சர் என்னை மெச்சுவார் என்று காத்திருந்தேன்.

அவர் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். வளையம் ஆடுவது நின்றது.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்து விளக்கினார். அந்தக் காலத்தில் உயர்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மூன்று பிரிவாக்குவார்கள். முதலாவது பிரிவு பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி. மூன்றாவது பிரிவில் தையல், சமையல், சின்னச் சின்னக் கைவேலை. அதில் போய்ச் சேர்ந்தால் பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான். என் மகளுக்குப் போட்டிருந்த சரியெல்லாம் மூன்றாவது பிரிவில்.

என் மகள் கணக்கில் வகுப்பிலேயே முதல். எண்களைக் கண்டால் அவளுக்குச் சாப்பாடு தேவையில்லை. அவளைக் கீழே தள்ளிய பேப்பரில் கையெழுத்தும் போட்டு, பலகாரமும் அனுப்பியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்றுகூடச் சொல்ல முடியாது. இங்கே குரங்கையே பிடித்துப் பிள்ளையார் என்று கும்பிட்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இன்னும் மாற்றலாம் என்றார் ரீச்சர். மாத முடிவில்தான் படிவங்கள் உயர்பள்ளிக்குப் போகும். மகளின் பள்ளிக்கூடத்து உப அதிபரைச் சந்திக்க நேரம் கேள் என்றார். தொலைபேசியில் கேட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை பின்னேரம் என்றார்கள். நீங்களும் வந்து எனக்காகப் பேசுங்கோ என்று ரீச்சரைக் கெஞ்சினேன். மறுத்துவிட்டார். தான் வந்தால் அந்த மனிதர் தன்னோடுதான் பேசுவார், உன்னைப் பார்க்கவே மாட்டார், அடுத்த வருடம் இன்னொரு பேப்பர் வரும்போது நீ என்ன செய்வாய் என்று கேட்டார். வேண்டுமானால் வெளியே தாழ்வாரத்தில் வந்து இருக்கிறேன் என்றார்.

வீட்டில் சொன்னதும் கணவர் பதறிவிட்டார். "பள்ளிக்கூடம் எழுதினதிலை பிழை பிடிக்கிறியோ? வாத்திமாரோடை வாயாடினால் பிள்ளையைத்தான் பழிவாங்குவாங்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். குரு ஒன்று சொன்னால் தெய்வத்திடம்கூட அப்பீல் கிடையாது.

வந்த சனிக்கிழமை வகுப்பில் ஆங்கிலம் நடக்கவில்லை, ஒத்திகை நடந்தது. ரீச்சர்தான் உப அதிபர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தார். மூன்றே மூன்று வசனங்கள் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். இதை யார் முடிவு செய்தது? எதை வைத்து? அந்தப் பேப்பரை எனக்குக் காட்டுங்கள். அவ்வளவுதான்.

வசனங்கள் பாடமாகிவிட்டன. என் கால்தான் பாடமாகவில்லை. உப அதிபராக நடித்த ரீச்சர், உங்கள் பிள்ளைக்கு நல்லது எது என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். நானும் விசுக்கென்று எழும்பி, தாங்க்யூ சேர் என்றேன். வகுப்பே சிரித்தது. திரும்பவும் தொடங்கினோம். திரும்பவும் அவர் எழும்ப நானும் எழும்பினேன். ஆசிரியர் நிற்க நாங்கள் இருப்பதா? அரிவரி வகுப்பிலிருந்து ஊறியதை ஒரு சனிக்கிழமையில் கழற்றி எறிய முடியுமா?

எழும்பினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம் என்றார் ரீச்சர். அவர் எழும்பலாம், அது அவருடைய அறை. நீ மறுமொழி கிடைக்கும்வரை கதிரையிலேயே இரு. "பதினெட்டு வருசம் தெருவிலை நிண்டு நான் படிச்ச ஒரேயொரு பாடம், எப்ப இருக்க வேணும் எண்டதுதான்" என்றார். ஐந்தாம் தரமும் நான் எழும்பப் போக, வியட்நாம் பெண் ஓடிவந்து என் கழுத்துத் துண்டின் ஒரு நுனியைக் கதிரைக் காலில் கட்டிவிட்டாள். அப்படியும் கதிரையோடு சேர்ந்து அரைவாசி எழும்பினேன். ரீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டாம் தரம்தான் இருந்து காட்டினேன்.

வியாழக்கிழமை வந்தது. வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்ற கணவர், கடைசி நேரத்தில் அரைநாள் லீவு எடுத்து, தொழிற்சாலை உடுப்போடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தாழ்வாரத்தில் சிறுபிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் ரீச்சர் முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட இருந்தார். எங்களைக் கண்டு கண்ணைச் சிமிட்டினார்.

உப அதிபர் ஒரு பொல்லாத மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆள் நல்ல மனிதர். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். பணியாரம் தனக்கும் ஒன்று கிடைத்தது, அருமை என்றார். மகள் அமைதியான, பண்பான பிள்ளை, ஆங்கிலம் இன்னும் வரவில்லை, அந்தப் பிரிவில் பாரம் குறைவு, சந்தோசமாக இருப்பாள், தேவையென்றால் பிறகு மாற்றலாம் என்று பட்டுப் போல் சொன்னார். முதல் இரண்டு வசனத்தையும் கேட்டேன். எல்லாரும் சேர்ந்து யோசித்து எடுத்த முடிவு என்றார். சொல்லிக்கொண்டே எழும்பிக் கையை நீட்டினார்.

கணவர் எழும்பிவிட்டார். எழும்பினதும் இல்லாமல் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, தாங்க்யூ சேர், தாங்க்யூ வெரி மச் என்கிறார். எட்டுத் தரம் ஒத்திகை பார்த்த அறிவாளி நான், பக்கத்துக் கதிரைக்கு ஒத்திகை பார்க்க மறந்துவிட்டேன்.

"இருங்கோப்பா!"

என் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை நானே எதிர்பார்க்கவில்லை. கூடவே அவருடைய ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்து ஓர் இழுவை. மனிதர் தொப்பென்று கதிரையில் விழுந்தார். உப அதிபரின் கை அந்தரத்தில் நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சொன்னது என்ன என்று விளங்கியிருக்க வேண்டும், அவரும் மெதுவாக இருந்துவிட்டார்.

கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தேன். வேட்டுச் சத்தத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. அப்போது ஓடத் தெரிந்திருந்தது. இப்போது ஓடாமல் இருக்க வேண்டும். மூன்றாவது வசனத்தைச் சொன்னேன். அந்தப் பேப்பரை எனக்குக் காட்டுங்கள்.

உப அதிபர் மகளின் விபரக் கோப்பை எடுத்துத் திறந்தார். கணக்கு மார்க்கைக் கண்டதும் அவருடைய புருவம் உயர்ந்தது. அவரே முதல்தரம் பார்க்கிறார் போலிருந்தது. அதற்குக் கீழே வகுப்பாசிரியரின் குறிப்பு. கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, ஆர்வம் குறைவு.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆசிரியரின் முகத்தை நேரே பார்க்காதே, குறுக்கே கேள்வி கேட்காதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான்தானே. என்னிடம் இருந்த உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் இடத்தில் நல்ல பிள்ளை கீழே பார்க்கும். அது மரியாதை. நான்தான் பழக்கினேன். பிழை என்றால் என்னுடையது. அதற்காக அவளைத் தையலுக்கு அனுப்பாதீர்கள், அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. அந்தக் கடைசி வசனம் ஒத்திகையில் இல்லை. அவர் சிரித்துவிட்டார்.

அன்று புதிய படிவம் ஒன்றை அவரே எடுத்தார். கணக்கும் விஞ்ஞானமும் முதலாம் பிரிவில், ஆங்கிலத்துக்குத் தனியான உதவி வகுப்பு, முதல் தவணை முடியத் திரும்பப் பார்ப்பது என்று எழுதினார். கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டினார். நான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தேன். அந்த மனிதர் மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்து படிவத்தை ரீச்சரிடம் கொடுத்ததும் அந்தக் குட்டிக் கதிரையும் சேர்ந்து வர எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். ரீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று கணவருக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பிளாசாவில் கோப்பிக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேருக்கு ஒரு டசின் டோனட் வாங்கினார். அங்கே நான் பயற்றம் பணியாரக் கதையையும் சொல்ல, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி ரீச்சர் சிரித்தார்.

சிரிப்பு அடங்கினதும் கணவர் கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

ஒரு மகன், இந்த நகரத்திலேயே பஸ் ஓட்டுகிறான் என்றார். நல்ல வேலை, பென்சன் இருக்கும் என்றார் கணவர். ஓம், நல்ல வேலைதான், அவனும் சந்தோசமாகத்தான் இருக்கிறான் என்றார் ரீச்சர். கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பிறகு சொன்னார். மகன் பதின்மூன்று வயதில், ஆட்கள் எறிந்த ரேடியோக்களைப் பொறுக்கி வந்து பாட வைப்பானாம். எஞ்சினியர் ஆகவேண்டும் என்று சொல்லித் திரிந்தானாம். அந்த வருடம் அவனுக்கும் இதே பேப்பர் வந்திருக்கிறது.

"நான் கோட்டும் போட்டு வாசல்லை நிண்டனான். கூட்டத்துக்கு நேரம் போயிட்டுது. குசினி மேசையிலை வைச்சு, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டன்."

என்ன கூட்டம் என்று கேட்டேன்.

"கறுப்புப் பிள்ளையளைப் பள்ளிக்கூடங்கள் கீழ்ப்பிரிவிலை தள்ளுது எண்டு கண்டனக் கூட்டம். நான்தான் பேச்சாளர்."

கணவர் டோனட்டைக் கீழே வைத்தார். பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்ததாம், அப்போது மாற்ற முடியாமல் போய்விட்டதாம். அதற்குப் பிறகு ஒலிபெருக்கியைப் பிடிக்கக் கை வரவில்லை என்றார். யாராவது வீட்டுக் கதவுக்கு உள்ளே, ஒவ்வொரு தாயோடும் இருந்து பேப்பரை வாசிக்க வேண்டும் என்று தோன்றியதாம். களைத்துவிட்டேன் என்று சொன்னதன் அர்த்தம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கையைப் பிடித்தேன். சில வினாடிதான். உடனே நிமிர்ந்து, "ஆனால் ஒண்டு, நான் பலகாரம் அனுப்பேல்லை. அந்த விசயத்திலை நீ என்னை வெண்டிட்டாய்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

மகள் பிறகு பல்கலைக்கழகத்தில் கணக்குத்தான் படித்தாள். இப்போது அவள் என் கண்ணை நேரே பார்த்துக் கேட்கும் கேள்விகளைத் தாங்க முடியவில்லை. நேரே பார்த்துப் பேச ஏன்தான் பழக்கினேனோ என்று சில நாளைக்குத் தோன்றும்.

ரீச்சர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இறுதிச் சடங்கில் அவருடைய மகன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொருவரையும் வாசலில் நின்று வரவேற்றார். எனக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. உங்கள் அம்மா எனக்குப் பெரிய உதவி செய்தவ என்று மட்டும் சொன்னேன். தெரியும், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சிரித்தார். அம்மாவின் அதே சிரிப்பு.

இப்போது நாங்கள் ஸ்காபரோவிலேயே ரூஜ் பக்கம் வந்துவிட்டோம். நூலகத்தில் கிழமைக்கு ஒரு நாள், புதிதாக வந்த தாய்மாரோடு இருந்து பள்ளிக்கூடப் பேப்பர்களை வாசிக்கிறேன். எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தாலும் முதல் நாள் தன் பேப்பரை மடித்துக் கைப்பைக்குள்ளேயே வைத்திருப்பாள், தெரியாது என்று காட்ட வெட்கம். நான் ஒரு பெரிய பிழை விட்டவள், கேளுங்கோ என்று என் கதையைத்தான் முதலில் சொல்வேன், கைப்பைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், அந்தக் கோப்பிக் கடையில் தன் வாழ்க்கையிலேயே ஆகப் பெரிய தோல்வியை எனக்குச் சொல்ல வேண்டிய எந்தக் கட்டாயமும் அந்த அம்மாவுக்கு இருக்கவில்லை, ஆனாலும் சொன்னார் என்று.